லாரி போகிற நேரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

இங்கே நான், என் தொப்பை, என் வீட்டுக்காரி மூவரும் சௌக்கியம். மூவரில் நாளுக்கு நாள் முன்னேறுவது தொப்பை மட்டும்தான். நீயும் அம்மாவும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் உன் வீட்டுக்குப் போன் செய்தால் லாரிதான் முதலில் ஹலோ சொல்கிறது. போன தடவை நீ பேசியதில் எனக்குக் கேட்டது "அம்மா", "மாத்திரை", "எப்பதான்". மீதியெல்லாம் ஒரு டேங்கர் வண்டி பேசியது. ஆகவே கடிதம்.

அந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்டப் போகிறேன். சத்தம் போடாத ரோடு என்று நான் வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தேனே, அதைப் போட்டுப் பார்க்க ஒரு தெருவைச் சொல் என்று ஆபீசில் கேட்டார்கள். உன் தெருவைக் கொடுத்துவிட்டேன்! "ஏன்யா அந்தத் தெரு?" என்றார் பெரிய இன்ஜினியர். "லாரி ஜாஸ்தி சார், வீடெல்லாம் ரோட்டை ஒட்டி இருக்கு, வளைவு கிடையாது" என்று மூன்று காரணம் சொன்னேன். அக்கா வீடு என்கிற நாலாவது காரணத்தை விழுங்கிவிட்டேன். உறவுக்காரிக்கு ரோடு போட்டுக் கொடுத்தான் என்று பேர் வந்தால் ஓய்வு பெறுகிற வரைக்கும் கேலி செய்வார்கள்.

விஷயம் சின்னதுதான். லாரி போடுகிற கூச்சலில் பாதி இன்ஜினுடையது இல்லை. டயருக்கும் தாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று நசுங்கி அலறுகிறது. நான் போடும் தாரில் கலக்கிற கல்பொடியைக் குறைத்து, உள்ளுக்குள்ளே பொந்து பொந்தாக விட்டுவிடுவேன். காற்று அதில் புகுந்து தப்பித்துவிடும். கத்த வேண்டிய அவசியம் இராது.

அம்மாவை இரண்டு மாதம் இங்கே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். மறக்கவில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. காயட்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. மறதிதான். காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருப்பதில்லை. உன்னை மட்டும் மறப்பதில்லை. "தம்பி எப்ப வருவான்?" என்று கேட்கிறாள். பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்கிறாள்.

உன் அத்தான் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இனி எப்போது வருவாரோ. லாரிக்காரர் பெண்டாட்டிக்கு லாரிச் சத்தம் ஒரு தொந்தரவா என்று மாடி வீட்டுத் தையல்காரம்மா கேலி செய்கிறார். எனக்கும் அதேதான் தோன்றுகிறது. சத்தமாக இருக்கிறது என்று நான் எப்போதாவது உன்னிடம் புகார் சொன்னேனா?

உன் ஆட்கள் வந்து என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பத்தை நட்டு, பஞ்சுத் தொப்பி போட்ட மைக் ஒன்றை உச்சியில் வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி பகலாக நிற்கிறது. அது என்னென்ன கேட்கும்? மறக்காமல் எழுது.

உன் வீட்டுச் சுவருக்கு எத்தனை கை பெயிண்ட் அடிக்கிறாய்? அரண்மனையா?

அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

அரண்மனை இல்லை, ஆனால் பெயிண்டர் தன்னை ராஜா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வருகிற நாள் வருவார். வராத நாளில் அவருடைய ஏணி மட்டும் வந்து நிற்கும். எல்லோரும் நலம் என்று நீ எழுதிய பதில் கண்டு மகிழ்ச்சி.

மைக்கைப் பற்றிக் கவலைப்படாதே. ரோடு போடுவதற்கு முன்னால் எவ்வளவு சத்தம், பின்னால் எவ்வளவு என்று அளக்கத்தான் அது. அதற்குப் பேச்சு புரியாது. சத்தம் எவ்வளவு உயரம் என்று மட்டும் தெரியும். வீட்டில் என் நிலைமையும் அதுவே. பதிவாகிற எதையும் நாங்கள் உட்கார்ந்து கேட்பதும் இல்லை. எங்கள் தொழிலில் சத்தத்தைக் கண்ணால்தான் பார்ப்போம். திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும். நாய் குரைத்தால், யாராவது வீட்டுக்குள் சண்டை போட்டால், கோட்டில் ஒரு முள் எழும்பும். ரோட்டுச் சத்தமில்லை என்று அதை வெட்டிவிட்டு மீதியைக் கூட்டுவோம். ஆகவே நீ தாராளமாகப் பாடலாம். அத்தான் வந்தால் திட்டலாம்.

பெரிய இன்ஜினியர் தலைக்குச் சாயம் பூசத் தொடங்கியிருக்கிறார். மழை நாளில் அவர் சட்டைக் காலரைப் பார்க்கவேண்டுமே! எங்கள் தாரே அதைவிடக் கெட்டியாக ஒட்டும்.

அம்மாவிடம் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்.

உன் தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோடு போட்டு முடிந்து வண்டிகள் ஓடுகின்றன. நீ சொன்னது உண்மைதான். லாரி வருவதே தெரியவில்லை. ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உன் அத்தான் ஒரு நாள் வந்திருந்தார். "இந்த ரோடு பேசவே மாட்டேங்குதே, வண்டி ஓடுதா நிக்குதான்னு எட்டிப் பாக்கவேண்டியிருக்கு" என்றார்.

மாடியில் தையல் மிஷின் ஓடுவது கேட்கிறது. எதிர் வீட்டில் கரண்டி விழுவது கேட்கிறது. அப்படியென்றால் என் வீட்டுக் கரண்டியும் அவர்களுக்குக் கேட்கும்.

தையல்காரம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காதோ?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பெயிண்ட் காய்ந்ததா?

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். சந்தோஷத்தில் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறேன். "ஈரத்துணியை இழுக்கிற சத்தம்" என்று எழுதினாயே, அதை அப்படியே என் அறிக்கையில் சேர்த்துவிட்டேன். யார் சொன்னது என்று போடவில்லை. நான் சொன்னதாகவே நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அது கிடக்கட்டும், அம்மாவுக்கு எப்போதிருந்து காது மந்தம்? நாம் சின்னவர்களாக இருந்தபோது நான் பின்கட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் வாசலிலிருந்து குரல் கொடுப்பாளே! டாக்டரிடம் காட்டு.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி நகர மண்டபத்தில் கூட்டம். மேலதிகாரிகள், கவுன்சிலர்கள் எல்லோரும் வருகிறார்கள். உன் தெருக்காரர்களையும் அழைத்திருக்கிறோம். கோடு, படம் எல்லாம் யாருக்கும் புரியாது, காதால் கேட்கிற மாதிரி எதையாவது போட்டுக்காட்டு என்று பெரியவர் உத்தரவு. ஒரே எடையுள்ள லாரி பழைய ரோட்டில் போனது ஒன்று, புது ரோட்டில் போனது ஒன்று, இரண்டையும் உன் ஜன்னல் மைக்கிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறேன். திரையில் பார்த்தால் ஒன்று மலை, மற்றது சமவெளி. சமவெளியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. லோடு குலுங்கிய சத்தமாக இருக்கும். கண் பட்டுவிடாமல் இருக்க அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீயும் வாயேன். இனிமேல் போனிலும் பேசலாமே, லாரி குறுக்கே வராது.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலையாக இருப்பாய். போன் செய்ய இரண்டு தடவை எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். அந்த நேரம் அம்மா தூங்குவாளோ என்னவோ.

கூட்டம் நன்றாக நடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இன்னும் நாலு தெருவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு வகை கேக் வைத்திருந்தார்கள். நான் ஒன்றைத்தான் சாப்பிட்டேன். நம்ப மாட்டாய், ஆனால் உண்மை. ஒலிபெருக்கியில்தான் கொஞ்சம் தகராறு. பெரிதாக ஒன்றுமில்லை.

நீ வந்திருந்தாயா? முன் வரிசைகளில் பார்த்தேன், இல்லை. வராததும் நல்லதுதான். உட்காரவே இடமில்லை, புழுக்கம் வேறு.

பெயிண்ட் காய்ந்துவிட்டது. அம்மாவை அழைத்து வருவது பற்றிப் பேசலாம். பேசவேண்டும்.

உன் தம்பி

மே 10

தம்பிக்கு,

எங்கள் நலத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் வரவில்லை. தையல்காரம்மா வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டு முந்தாநாள் சொன்னார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

முதலில் பழைய ரோட்டு லாரியைப் போட்டாயாம். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அப்புறம் புது ரோட்டு லாரி. அது ஈரத்துணி மாதிரி போய்விட்டதாம். அதன் மேல் என் குரல்.

"வரமாட்டான்மா! எத்தனை தடவை சொல்றது? அவனுக்கு ரோடு போடணும்! நீ செத்தாத்தான் வருவான், போதுமா?"

மண்டபமே கேட்டிருக்கிறது. "நம்ம ஆளு வீடு போலிருக்கே! யாருப்பா அந்த ரோடு போடற பிள்ளை?" என்று உன் பெரியவர் கேட்டாராம். சிரித்தார்களாம். நீ மைக்கைப் பிடித்து, "தெரியலை சார், ஏதோ வழியில இருக்கிற வீடு" என்றாயாம். நீயும் சிரித்தாயாம்.

அந்தச் சின்ன மேடு லோடு குலுங்கினது இல்லை. நான்.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். லாரி வரும்போது சமையலறைச் சுவரில் நிழல் ஓடும். அதைப் பார்த்ததும் வாயைத் திறப்பேன். அது கடந்து போவதற்குள் கத்தி முடித்துவிடுவேன். அப்புறம் அடுப்பைத் துடைப்பேன். ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்கிறவளோடு நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அப்படித்தான். ரோட்டை மாற்றிய பிறகும் நிழல் விழுந்ததும் வாய் தானாகத் திறந்தது. நீ எந்த லாரியை எடுத்திருந்தாலும் அதில் நான் இருந்திருப்பேன்.

காற்றுக்கு வழி விட்டாய். எனக்கிருந்த வழியை அடைத்துவிட்டாய்.

இப்போது கத்துவதில்லை. ஜன்னலையும் திறப்பதில்லை. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நலமாக இருக்கிறாள்.

அக்கா

மே 18

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். வீட்டுக்காரி கதவைத் தட்டி, "உயிரோடதானே இருக்கீங்க?" என்றாள். சந்தேகம்தான் என்றேன்.

மண்டபத்தில் அது உன் குரல் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் அதைக் காதில் போட்டுக் கேட்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தேன். முந்தின பதிவுகளை இப்போது கேட்டேன். பழைய ரோட்டு லாரிகளிலும் நீ இருக்கிறாய், அடியில். முள் முள்ளாக உன்னை வெட்டி எறிந்துவிட்டுத்தான் நான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

உறவுக்காரிக்கு ரோடு போட்டான் என்று பேர் வரக்கூடாது, அதனால்தான் தெரியாது என்றேன். அன்றைக்கு எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மாவைப் பார்க்க வராத பிள்ளை நான்தான் என்று அத்தனை பேருக்கு முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. அவர்கள் சிரித்தார்கள். கூடச் சிரிப்பது சுலபமாக இருந்தது. சிரிக்க வைப்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

ஆனால் அக்கா, அதைச் சரி செய்துவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அந்தப் பிள்ளை நான்தான் சார். அது என் அக்கா. உள்ளே இருந்தது எங்கம்மா" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் என் தோளைத் தட்டினார். டைப் அடிக்கிற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு இறகு மாதிரி ஆகிவிட்டது.

உன் தம்பி

மே 23

தம்பிக்கு,

உன் மனசு இறகு மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷம்.

மண்டபத்தில் கத்தினவள் யாரோ ஒருத்தி. ஊர் பேர் தெரியாதவள். என் தெருவில் தையல்காரம்மா ஒருவரைத் தவிர ஒருவருக்கும் அது நான் என்று தெரியாது. அவரும் வாய் திறக்கிறவர் இல்லை. இப்போது உன் ஆபீஸ் முழுக்கத் தெரியும், அம்மாவைச் சாகச் சொன்னவள் உன் அக்கா என்று. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? முதலில் கேட்காமல் ரோடு போட்டாய். அப்புறம் கேட்காமல் என் குரலைப் போட்டுக் காட்டினாய். இப்போது கேட்காமல் மன்னிப்பையும் ஊரைக் கூட்டிக் கேட்டிருக்கிறாய். உன் தோளைத் தட்டினார்கள். என் தோளை யார் தட்டுவார்கள்?

எனக்கு வெட்கமாக இருக்கிறதடா. நீ கத்த வைத்தாய் என்று எழுதிவிடலாம். ஆனால் வாய் என்னுடையது.

எழுந்து நின்று ஒன்றும் சொல்லவேண்டாம். வருகிற சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. பின்சீட்டில் அவளோடு யாராவது உட்காரவேண்டும், ஓடும்போது கதவைத் திறக்கப் பார்ப்பாள். குளிக்க வைக்கும்போது தண்ணீரை முதலில் காலில் ஊற்று, தலையில் ஊற்றினால் பயந்துவிடுவாள். மாத்திரையைப் பொடித்துக் கொடு. பூட்டுச் சாவியை அவள் கண்ணில் படாமல் வை.

வரும்போது சிரிப்புக் காட்டாதே.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுகிறாள். நான் இளைத்திருக்கிறேன். டாக்டர் பாராட்டினார், காரணம் கேட்கவில்லை.

நீ என்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு இப்போது முகம் அடையாளம் தெரிவதில்லை என்பது. சொல்லியிருந்தால் நான் வராமலே இருந்திருப்பேன் என்று நினைத்தாயோ என்னவோ. எதிரில் உட்கார்ந்து நான் சோறு ஊட்டுகிறேன், என்னிடமே "தம்பி எப்ப வருவான்?" என்கிறாள். "நான்தாம்மா" என்றால், "சும்மா இருங்க, அவன் இவ்வளவு குண்டு இல்லை" என்கிறாள். முதலில் சிரித்தேன். வீட்டுக்காரிக்கு நடித்துக் காட்டினேன். ஒரு வாரத்துக்கு மேல் சிரிக்க முடியவில்லை.

போன புதன்கிழமை குளிக்க வைத்துவிட்டுத் தலை துவட்டும்போது மறுபடி கேட்டாள். "வந்துட்டேன்மா! இதோ நிக்கறேன்! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று கத்தினேன். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள், அடிக்கப் போகிறேன் என்று நினைத்து.

எங்கள் சந்தில் சைக்கிள் போனாலே கேட்கும். பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற மேனேஜர் ஜன்னலை மெதுவாகச் சாத்தினார். அந்தச் சத்தமும் கேட்டது. தினமும் காலையில் என் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அரசியல் பேசுகிறவர், மறுநாள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் போகிறவரை காத்திருந்தேன். இந்த வயசில் ஒளிந்து விளையாடுகிறேன்.

நீ எத்தனை வருஷம் இப்படி இருந்தாய்? உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

உன் தம்பி

ஜூன் 27

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உடம்பு தேவலை. அம்மா உன் வீட்டுக்குப் போன பிறகு சாப்பிடுவதும் தூங்குவதுமாகவே இருந்தேன். உன் அத்தான் வந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாமா என்றார்.

அன்றைக்குக் கத்தினதற்கு என்னிடம் எதற்கு மன்னிப்பு? கையால் தலையை மூடிக்கொண்டது நானா? ஆனால் உன்னை அதட்ட எனக்கு வாயில்லை. நானும் அவளிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கத்தி முடித்ததும் அடுப்படிக்குப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் மறந்திருப்பாள். அது எனக்கு எவ்வளவு வசதி தெரியுமா? கத்தினதை லாரி மூடிவிடும், மிச்சத்தை அவள் மறதி மூடிவிடும். வெட்கப்படவேண்டிய இடம் அதுதான். மண்டபம் இல்லை.

இன்னொரு தடவை கத்தினால் எழுந்து போகாதே. கத்துவாய். பக்கத்திலேயே உட்கார். அவள் மறந்து உன்னைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் உட்கார். கத்துவதைவிட அது கஷ்டம். நான் செய்து பார்க்கவில்லை, அதனால் கஷ்டம் என்று தெரியும்.

மூன்று மாதம் உன்னிடம், மூன்று மாதம் என்னிடம். மேனேஜர் ஜன்னலைச் சாத்தினால் சாத்தட்டும். தையல்காரம்மாவிடம் நானே போய், எங்கள் அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிஷினை நிறுத்தினார். "உக்காருங்க, காபி போடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருகிறேன். நான் உள்ளே போனதும் நீ உன் வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டு வா. வாசலில் நிற்காதே, ஜன்னலோரமும் நிற்காதே. அம்மாவிடம் நான் ஒன்று கேட்கவேண்டும். யார் நீ என்பாள். சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கேட்கிறேன்.

அக்கா